எடைக்குப் போகும் பழம்பொருள்கள்

பதுளைக் கடைவீதியிலே பழைய பித்தளைக் குடமொன்றை விற்கச் செல்பவரை முதலில் வரவேற்பது தராசு. குடத்தின் கழுத்திலுள்ள பூவேலை எத்தகையது, விளிம்பிலே வெட்டியிருக்கும் பெயர் யாருடையது என்று வியாபாரி கேட்பதில்லை. எத்தனை கிலோ தேறும் என்பதே அவர் கேள்வி. அவரைக் குறைகூறுவதற்கில்லை, பூவேலைக்குப் பணம் கொடுப்போர் அவரிடமும் வருவதில்லை.

பழம்பொருள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு விலைகள் உண்டு. ஒன்று, அது செய்யப்பட்ட உலோகத்துக்கோ மரத்துக்கோ உரிய விலை. மற்றது, அதன் பழமைக்கும் வேலைப்பாட்டுக்கும் உரிய விலை. பின்னது, அதனை விரும்பி வாங்குவோர் உள்ளவரை மட்டுமே நிலைக்கும். ஊவா மாகாணத்திலே தேய்ந்துவருவது இந்த இரண்டாவது விலையே.

இப்பகுதியிற் பழம்பொருள்கள் சேர்ந்த கதை பெரும்பாலும் தேயிலையின் கதையாகும். பங்களாக்களுக்கு வேண்டிய கட்டில், அலுமாரி, உணவு மேசை ஆகியவற்றுட் சில கப்பலில் வந்தன. பல, உள்நாட்டுத் தச்சர் தேக்கிலும் முதிரையிலும் பலாவிலும் இழைத்தவை. 1924 ஆம் ஆண்டு புகையிரதம் பதுளையை எட்டியபின் பாரமான சாமான்கள் வந்துசேர்வது எளிதாயிற்று. லயங்களில் இருந்ததோ வேறுவகைச் செல்வம். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து சுமந்துவந்த செம்பும் குத்துவிளக்கும், சீதனமாக வந்த அண்டாவும், பிற்காலத்தில் சிலர் வாங்கிவைத்த தையல் இயந்திரமும் வானொலிப் பெட்டியுமே அவை.

இவை கைமாறிய விதமும் அறியத்தக்கது. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் வெளிநாட்டுத் துரைமாரின் காலத்தை முடித்துவைத்தன. பங்களாச் சாமான்களிற் சில கிளாக்கர்மார் வீடுகளுக்கும் கடை முதலாளிமார் வீடுகளுக்கும் சென்றன. சில கொழும்புக்குச் சென்றன. லயங்களிலிருந்து பொருள்கள் வெளியேறியது இவ்வாறன்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தது. கப்பலேறும் நாள் குறிக்கப்பட்டவன் பேரம் பேச இயலாது. தூக்கிச் செல்ல முடியாதவற்றைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத் தலைமன்னாருக்குப் புறப்பட்ட குடும்பங்கள் பல. எஞ்சியிருந்தோர் உடைமைகளிலும் பெரும்பகுதி, 1983 ஆம் ஆண்டு ஜூலையிலே பதுளை நகரத்துத் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது சாம்பலாயிற்று.

இவ்வாறு அழிந்தவை போக மிஞ்சியிருப்பவை அரியனவாகி விலையேற வேண்டும் அல்லவா? அங்ஙனம் நிகழவில்லை. பத்தடி மேசையை வைப்பதற்குப் பத்தடி அறை வேண்டும். இன்றைய வீடுகளில் அதற்கு இடமில்லை. கழற்றி மாட்டக்கூடிய பலகைத் தளபாடம் மலிவாகக் கிடைக்கிறது. பழைய பாணியிலேயே புதிதாகச் செய்து விற்கும் பட்டறைகளும் பெருகிவிட்டன. பழமைத் தோற்றம் வேண்டும் விடுதியாருக்கு உண்மையான பழமை தேவைப்படுவதில்லை. இது இலங்கைக்கு மட்டும் உரிய நிலையன்று. இங்கிலாந்தில் 1968 ஆம் ஆண்டின் விலையை 100 எனக் கொண்டு பழைய தளபாட விலைகளைக் கணித்துவந்த சுட்டெண்ணும், இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளுக்குப் பின்னர் இறங்குமுகமாகவே சென்றது. 1995 இல் கணினி வழி ஏலம் தொடங்கியபின், அபூர்வம் என்று எண்ணப்பட்ட பொருள்கள் ஆயிரக்கணக்கில் இருப்பது தெரியவந்தது. 'குறைந்த எண்ணிக்கையே தயாரிக்கப்பட்டது' என்று பெட்டியிலே அச்சிட்டு விற்ற பீங்கான் தட்டுகளின் கதியும் அதுவே. அவற்றை எல்லோரும் பத்திரமாக எடுத்துவைத்தமையால் அவை குறையவே இல்லை!

சிங்கர் தையல் இயந்திரம் மற்றோர் உதாரணம். 1877 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த அந்த நிறுவனம், உலகெங்கும் இலட்சக்கணக்கில் இயந்திரங்களை விற்றது. ஆகவே வீட்டிலுள்ள கால்மிதி இயந்திரம் பழையதாயினும் அரியதன்று. 2009 ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில், பழைய சிங்கர் இயந்திரத்துள் 'சிவப்புப் பாதரசம்' உண்டென்ற வதந்தி பரவ, மக்கள் பெருந்தொகை கொடுத்து அவற்றைத் தேடினர். அப்படியொரு பொருள் அவற்றுள் இல்லவே இல்லை. அரிசியை இழுக்கும் செம்புக் கலசம் என்று தமிழ்நாட்டிலே நடந்துவரும் மோசடியும் இதன் உடன்பிறப்பு. நேர்மையான சந்தை மெலியும்போது இத்தகைய கதைகளே காதுக்கு இனிக்கின்றன.

உள்நாட்டுச் சூழ்நிலையும் உதவவில்லை. 2019 ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளும், அடுத்த ஆண்டின் கொள்ளைநோயும், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் வெளிநாட்டுப் பயணிகளின் வரவைக் குறைத்தன. மறுபுறத்தில், அரிசிக்கும் மருந்துக்கும் பணமின்றி வீட்டிலுள்ளதை விற்க வந்தோர் பெருகினர். வாங்குவோர் சிலராகவும் விற்போர் பலராகவும் இருக்கும்போது பழமைக்கு விலை ஏது? எனவேதான் தராசு முன்னே வந்தது. தொல்பொருள்களை உரிய அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்புவதைச் சட்டம் தடைசெய்கிறது என்பதையும் விற்போர் அறிந்திருத்தல் வேண்டும். தடை நன்றே; ஆயினும் அதனால் லயத்துக் குடத்துக்கு உள்ளூரில் ஒரு வாங்குநர் தோன்றிவிடவில்லை.

பங்களாக்களின் பழமைக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 ஆம் ஆண்டு அமைத்த அடிசம் மாளிகை, இப்பொழுது பெனடிக்ட் சபைத் துறவியரின் மடமாக உள்ளது. பழைய தளபாடங்களும் நூலகமும் அங்கே பேணப்படுகின்றன. லயங்களின் பொருள்களைப் பேணும் முயற்சி ஊவாவுக்கு அப்பால், கம்பளைக்கு அருகே நடைபெறுகிறது. அங்கே பழைய லயமொன்றிலேயே தோட்டத் தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. தொழிலாளரின் அன்றாடக் கருவிகளும் பாத்திரங்களும் பத்திரங்களும் அதற்கு உரியவை.

விற்றே தீரவேண்டிய வீட்டாருக்கும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குடத்திலே வெட்டிய பெயரையும், அது எந்த ஊரிலிருந்து எந்தத் தோட்டத்துக்கு வந்தது என்பதையும், வீட்டு முதியவர் சொல்லும்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். கைத்தொலைபேசியிலே படமும் எடுத்துக்கொள்ளலாம். வரலாறு தெரிந்த பொருளுக்குச் சேகரிப்போர் இன்றும் சற்றுக் கூடுதலாகவே கொடுப்பர். அவ்வாறு ஒருவரும் கிடைக்காமல் குடம் உருக்குலைக்குப் போய்விட்டாலும், அந்தத் தாள் வீட்டில் இருக்கும்.