நம்ம ஊர் ப்ளக்... அந்த ஊர் ஓட்டை!

பாஸ்போர்ட் ரெடி, விசா ரெடி, அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடிகூட ரெடி. ஆனால் போகிற ஊர்ச் சுவரில் உங்கள் சார்ஜர் நுழையுமா?

கம்பெனி செலவில் முதன்முதலாக ஃபாரின் போகிற நம்ம பையன்கள் இதை யோசிப்பதே இல்லை. ஜனவரியில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்கு, கரூரிலிருந்து பெட்ஷீட் சாம்பிளோடு போகிறீர்கள் என்று வையுங்கள். காலையில் பையரைப் பார்க்க வேண்டும். விலைப்பட்டியல் லேப்டாப்புக்குள்ளே. லேப்டாப்பில் சார்ஜ் இல்லை. ஓட்டல் ரூமில் ப்ளக் நுழையவில்லை. ஆர்டர் அம்பேல்!

கொஞ்சம் சரித்திரம். நம் வீட்டு உருண்டை த்ரீ-பின், வெள்ளைக்காரன் கொடுத்ததுதான். 1947-ல் நமக்குச் சுதந்திரம் வந்தது. அதே வருஷம் அவன் பட்டைப் பின் ப்ளக்குக்கு விதி எழுதி, மெல்ல மாறிக்கொண்டான். நாம் பழசையே கட்டிக்கொண்டு அழுகிறோம்!

கோவையிலிருந்து நேராகப் பறக்கிற சிங்கப்பூர், ஷார்ஜா இரண்டிலும் அந்தப் பட்டைப் பின்தான். மேலே எர்த் பின் நுழைந்தால்தான் கீழே உள்ள இரண்டு ஓட்டைகளின் மூடி திறக்கும். நம் ஆட்கள் மேல் ஓட்டையில் பேனாவை விட்டு நெம்பி, டூ-பின்னைச் சொருகுவார்கள். வேண்டாம் சாமி! உயிரோடு விளையாட்டு.

ஜெர்மனியில் குழிவான வட்ட சாக்கெட். நம் டூ-பின் செல்போன் சார்ஜர் பெரும்பாலும் அப்படியே நுழைந்துவிடும். உடம்பு பருத்த சார்ஜர்தான் குழிக்குள் இறங்காமல் மக்கர் பண்ணும். லேப்டாப்பின் த்ரீ-பின்னுக்கு அடாப்டர் கட்டாயம்.

அமெரிக்காவில் பின் மட்டுமில்லை, கரண்டே வேறு. நமக்கு 230 வோல்ட். அங்கே 120. ஜப்பானில் 100தான். அடாப்டர் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது. வேட்டியை மாற்றி பேன்ட் போட்டால் இங்கிலீஷ் வந்துவிடுமா?

எனவே, சார்ஜரைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். 'இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் உலகம் சுற்றலாம். லேப்டாப், செல்போன் சார்ஜர்கள் அநேகமாக இந்த ரகம். வெறும் '230 வோல்ட்' என்றால் அமெரிக்கா, ஜப்பானுக்கு வேண்டாம். அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, நியூஜெர்சி அக்காவுக்கு வாங்கும் கிரைண்டர் எல்லாம் இதில் சேர்த்தி. கோவையிலேயே 110 வோல்ட் கிரைண்டர் தயாராகிறது. கேட்டு வாங்குங்கள்.

"ஏனுங்ண்ணா, அடாப்டர் இருக்குங்களா?"

"எந்த ஊருக்குங்க தம்பி?"

இப்படித் திருப்பிக் கேட்கிற கடையில் வாங்குங்கள். 'எல்லா ஊருக்கும் இது ஒண்ணே போதும்' என்றால் உஷார். யுனிவர்சல் அடாப்டர் பலவற்றில் எர்த் இணைப்பு இருக்காது. லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் 'சுர்'ரென்னும். எத்தனை ஆம்பியர் தாங்கும் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மறந்தாச்சா? ஓட்டல் ரிசப்ஷனில் கேட்டுப் பாருங்கள். முன்னால் தங்கிய யாரோ சுவரிலேயே விட்டுவிட்டுப் போனது ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும். கிளம்பும்போது நீங்களும் அந்தத் தர்மத்தைச் செய்துவிடாதீர்கள்!