முற்றத்தில் நித்தியகல்யாணி

தாமிரபரணிக் கரையூர்களின் கல்லறைத் தோட்டங்களில் தானே முளைத்துப் பூப்பதால் ‘சுடுகாட்டு மல்லி’ எனப் பெயரிட்டு, நித்தியகல்யாணியை நாம் முற்றத்தில் வைக்கத் தயங்குகிறோம். வீண் தயக்கம். வெயில்படும் வேலியோரம் விதையைத் தூவி மணலால் மெல்ல மூடினால் போதும். நுனியைக் கிள்ளிவிட, புதராய்த் தழைத்து ஆண்டு முழுவதும் பூக்கும். நீர் தேங்கினால்தான் வேர் அழுகும்.

எனினும், நீரிழிவுக்கென அதன் இலையைக் கொதிக்கவைத்துப் பருகும் இல்லத்தார் கவனிக்க. கனடாவில் நோபிளும் பியரும் அதே நோக்குடன் சோதித்தபோது எலிகளின் சர்க்கரை குறையவில்லை. இரத்த வெள்ளணுக்களே குறைந்தன. அதனின்றே 1958-இல் வின்பிளாஸ்டின் பிறந்தது. இச்செடி தரும் வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து. அதற்காகவே நெல்லை, தூத்துக்குடி மானாவாரி நிலங்களில் இதனைப் பயிரிட்டு வந்துள்ளனர். மருத்துவர் அளந்து ஊசிவழி செலுத்தும் அந்நஞ்சை நாம் குவளையில் அளக்க இயலாது. ஆடும் அதனைக் கடிப்பதில்லை.