யாழ்ப்பாணத்துச் சபைக்குத் தலைமைப்பீடம் சென்னையில்! தெரியுமா இந்தச் சங்கதி?

சம்மாந்துறையில் பஸ் ஏறி, காரைதீவுச் சந்தியில் வடக்கே திரும்பி, சாய்ந்தமருதைத் தாண்டினால் கல்முனை. அங்கே மெதடிஸ்தத் தேவாலயமும் உண்டு, கத்தோலிக்கத் தேவாலயமும் உண்டு. இரண்டும் ஒன்றுதானே என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லவே இல்லை! கிறிஸ்தவர்களுக்குள் எத்தனை சபை, எத்தனை கொள்கை வழக்கு, அத்தனையையும் வைத்துக்கொண்டே அவர்கள் செய்து காட்டிய இணைப்பு எவ்வளவு பெரியது என்று தெரிந்தால் மலைத்துப்போவீர்கள்.

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், அதாவது நம் சுவாமி விபுலானந்தர், கல்முனையில் படித்தது மெதடிஸ்தப் பாடசாலையில். பிறகு மட்டக்களப்பில் படித்தது கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியில். அந்தக் காலத்தில் இந்த இரு சபையாரும் ஒருவர் பூசைக்கு மற்றவர் போகவே மாட்டார்கள். ஆனால் ஒரு இந்துத் துறவியை வளர்த்துவிட்டதில் இருவருக்கும் பங்கு!

சரி, தலைப்புக்கு வருவோம். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன்னைத் தானே ஆள வேண்டும், மேலே பேராயர் என்று ஒருவர் தேவையில்லை என்பது அவர்கள் கொள்கை. அந்தச் சபை 1908இல் தமிழ்நாட்டுப் பக்கம் இருந்த ஒத்த கொள்கைக்காரர்களோடு சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபையில் அங்கமானது. 1947இல் அந்த ஐக்கிய சபை முழுவதும் இன்னும் பெரிய ஒன்றிணைப்புக்குள் போனபோது யாழ்ப்பாணமும் கூடவே போனது. அதனால்தான் இன்றைக்கும் 'தென்னிந்தியத் திருச்சபை'க்கு இலங்கையில் ஒரு ஆதீனம் இருக்கிறது. பேராலயம் வட்டுக்கோட்டையில், தலைமைப்பீடம் பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னையில். பேராயரே வேண்டாம் என்றிருந்த அந்தச் சபைக்கு முதல் பேராயராக வந்தவர் யார் தெரியுமா? சபாபதி குலேந்திரன் என்ற யாழ்ப்பாணத் தமிழர்!

நம் கிழக்குக் கரையின் கதை வேறு. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் என்ற இளம் மெதடிஸ்தப் போதகர் ஒரு பாடசாலையைத் தொடங்கிவிட்டு அடுத்த வருடமே காலமானார். அந்த வழியில் வளர்ந்ததுதான் கல்முனை மெதடிஸ்த சபை. திருச்சி, சென்னைப் பக்கம் இருந்த இவர்களுடைய மெதடிஸ்தச் சகோதரர்கள் 1947இல் இணைப்புக்குள் போய்விட்டார்கள். இங்குள்ளவர்கள் போகவில்லை, 1964இல் இலங்கை மெதடிஸ்த சபை தனக்கென்று சுயாதீனம் பெற்றது. ஆக, திருச்சியில் இருக்கும் ஒருவர் தென்னிந்தியத் திருச்சபைக்காரர்; அதே பரம்பரையில் வந்த கல்முனைக்காரர் இன்றும் மெதடிஸ்தர்!

அந்த 1947இல் என்னதான் நடந்தது? இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்து 43ஆம் நாள், செப்டம்பர் 27. சென்னை புனித ஜோர்ஜ் பேராலயத்தில் இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும், பிரெஸ்பிட்டேரியரும் யாழ்ப்பாணத்தார் போல ஊர்ச் சபையே தன்னை ஆளும் கொங்கிரிகேஷனலிஸ்டுகளும் சேர்ந்த அந்த ஐக்கிய சபையும் ஒரே திருச்சபையானார்கள். பேராயர் உள்ள சபையும் பேராயரே இல்லாத சபைகளும் இப்படிக் கலந்தது அதற்கு முன் உலகத்தில் எங்குமே நடந்ததில்லை!

சிக்கல் சின்னதில்லை. பேராயர் தலையில் கைவைத்துத்தான் ஒருவரைக் குருவாக்க முடியும், அந்தக் கைவைப்பு இயேசுவின் சீடரான அப்போஸ்தலர் காலத்திலிருந்து அறாமல் வருகிறது என்பது அங்கிலிக்கர் நம்பிக்கை. அப்படியானால் மற்றச் சபைப் போதகர்கள் இத்தனை காலம் அப்பமும் திராட்சரசமுமாகக் கொடுத்த திருவிருந்து செல்லாதா? 'எங்களை மறுபடி குருவாக்குவோம் என்று சொன்னால், இதுவரை நாங்கள் செய்த ஊழியமே பொய் என்றாகிவிடாதா?' என்பது மற்றவர்களின் வேதனை. நியாயமான வேதனை என்றுதான் எனக்கும் படுகிறது. இந்த ஒரு முடிச்சு மட்டும் 28 வருடம் இழுத்தது!

எப்படி அவிழ்த்தார்கள்? ஏற்கெனவே ஊழியத்தில் இருக்கும் எல்லோரையும் அப்படியே ஏற்றுக்கொள்வது. யார் தலையிலும் மறுபடி கைவைப்பதில்லை. இனி வரும் புதியவர்களை மட்டும் பேராயர்கள் குருவாக்குவது. இரண்டும் கலந்திருக்க 30 வருட இடைக்காலம். கூடவே ஓர் உறுதிமொழி: ஒரு சபையார் மனச்சாட்சிப்படி ஏற்க முடியாத போதகரை அவர்கள்மேல் திணிக்கமாட்டோம். பாருங்கள், யார் கொள்கை சரி என்று அவர்கள் தீர்ப்பே சொல்லவில்லை! வழக்கைத் தீர்த்துவிட்டுக் குடித்தனம் தொடங்குவோம் என்று காத்திருந்தால் இன்றைக்கும் காத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

இங்கிலாந்தில் இதற்கு எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட் இருக்கிறாரே, 1948இல் நோபல் பரிசு பெற்றவர், அவரே 1943இல் தென்னிந்திய இணைப்பைக் கண்டித்து ஒரு தனிப் பிரசுரம் எழுதினார்! இந்தியாவுக்குள்ளும் ஆந்திரத்தின் நந்தியால் பகுதி அங்கிலிக்கர் பலர் உள்ளே வர மறுத்துவிட்டார்கள். அவர்கள் வந்து சேர்ந்தது 1970களில்தான்.

இந்த இணைப்புக்கு வித்திட்டவர் ஒரு தமிழர் என்பது தெரியுமா? திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அங்கிலிக்கரில் முதல் இந்தியப் பேராயர். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் பெரும்பாலும் இந்தியப் போதகர்களே கூடி, 'மேல்நாட்டார் சண்டைகளால் வந்த பிரிவுகளை நாம் ஏன் சுமக்க வேண்டும்?' என்று கேட்டு இணைப்புக்கு அறைகூவல் விட்ட கூட்டத்தின் முன்னணியில் நின்றவர் அவர். ஆனால் 1945 புத்தாண்டு நாளில் அவர் காலமானார். இரண்டே முக்கால் வருடம் கழித்து நடந்ததை அவர் கண்கள் பார்க்கவில்லை. எனக்கு இதுதான் தாங்கவில்லை. இன்னொன்று: அதே தரங்கம்பாடியில், அதே 1919 ஜனவரியில் அமைந்ததுதான் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. அது இணைப்பில் சேராமல் இன்றுவரை தனியாகவே நிற்கிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இணைந்தவர்கள் 1950இல் பொதுவான ஆராதனை முறை ஒன்றை எழுதினார்கள். திருவிருந்துக்கு முன் சமாதானம் பரிமாற வேண்டும். கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை மற்றவரின் வலது உள்ளங்கையில் வைக்க, இருவரும் இடது கையால் அடுத்தவர் கையை மூடிக்கொள்வார்கள். பீடத்திலிருந்து புறப்பட்டு, கைமாறிக் கைமாறி, கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளை வரைக்கும் போகும். பெருநாள் தொழுகை முடிந்து நம் பள்ளிவாசல் முற்றத்தில் இரு கையாலும் முஸாபஹா செய்கிறோமே, அச்சாக அதே மாதிரி! கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் பழங்காலம் தொட்டுக் காத்துவந்த வழக்கம் அது. 1969இல் திருத்தப்பட்ட கத்தோலிக்கத் திருப்பலியிலும் மக்கள் தங்களுக்குள் சமாதானம் பரிமாறும் வழக்கம் வந்தது. தென்னிந்தியர் அதற்கு ஏறக்குறைய இருபது வருடம் முந்திவிட்டார்கள்!

வட இந்தியாவில் 1970 நவம்பரில் நாக்பூரில் நடந்த இணைப்பு இன்னும் ஒரு படி மேல். குழந்தைக்கு ஞானஸ்நானமா, வளர்ந்து தானே விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகா என்பது பப்டிஸ்டுகளுக்கும் மற்றவர்களுக்கும் நூற்றாண்டுக்கணக்கான வழக்கு. ஒரே சபைக்குள் இரண்டு முறையையும் வைத்துக்கொண்டார்கள்!

கத்தோலிக்கர்? அவர்கள் இந்த இணைப்புகளில் சேரவில்லை. ஆனால் தமிழில் அவர்களும் புரட்டஸ்தாந்தரும் சேர்ந்து உழைத்து 1995இல் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை வெளியிட்டார்கள். கத்தோலிக்கர் ஏற்று மற்றவர் ஏற்காத நூல்களை 'இணைத் திருமுறை' என்று தனிப் பகுதியாக வைத்தார்கள்.

இலங்கையில் அங்கிலிக்கர், மெதடிஸ்தர், பப்டிஸ்டுகள், பிரெஸ்பிட்டேரியர், யாழ்ப்பாண ஆதீனம் எல்லோரும் சேர்ந்து 'லங்கா திருச்சபை' என்று ஒன்றை அமைக்கப் பல்லாண்டு பேசினார்கள். பக்கம் பக்கமாகத் திட்டமும் எழுதி முடித்தார்கள். வாசல் வரை வந்தது, 1970களின் தொடக்கத்தில் நீதிமன்ற வழக்கில் சிக்கியது, அப்படியே நின்றுபோனது. ஆனால் அதற்கு முன்பே, 1963இல், கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் இந்தச் சபைகளில் சில சேர்ந்து ஒரு இறையியல் கல்லூரியைத் தொடங்கிவிட்டன. வழக்கு அதை ஒன்றும் செய்யவில்லை. வெவ்வேறு சபைகளுக்குப் போதகராகப் போகிறவர்கள், தமிழரும் சிங்களவரும், அங்கே ஒரே வளாகத்தில் தங்கி அவரவர் மொழியில் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.