சிறிய கல் வேண்டிய பெரிய வைத்தியர்

நீர்வேலியின் பழைய வீடுகளிலே வாசற்படியருகில் ஒரு செம்பில் தண்ணீர் வைக்கும் வழக்கம் இருந்தது. வாழைத் தோட்டத்துச் செம்மண் காலோடு வருபவர் எவராயினும், வீட்டுக்குடையவரே ஆயினும், காலைக் கழுவிய பின்னரே உள்ளே புகுவர். விருந்தினருக்குச் செம்பை எடுத்துக் கொடுப்பது உபசாரம். அவர் காலைத் தொட்டுக் கழுவிவிடுவதோ உபசாரத்தின் எல்லையைக் கடந்த செயல். அது எவர் செய்யும் வேலை என்று அந்நாளைய யாழ்ப்பாணத்தில் ஒருவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இயேசுநாதர் வாழ்ந்த நாட்டிலும் அது வீட்டு அடிமையின் வேலையே. சிலுவைக்குச் செல்லும் முன்னிரவில், தம்முள் பெரியவர் யார் என்று சீடர்கள் வாதாடிய அதே இரவில், குருவே எழுந்து துணியை இடையிற் கட்டிக்கொண்டு அவர்கள் பாதங்களைக் கழுவினார். பெரிய வியாழனன்று ஆலயங்களில் இது நினைவுகூரப்படுகின்றது. குருவானவர் குனிந்து பன்னிருவருடைய பாதங்களைக் கழுவுகின்றார். அப்பன்னிருவரும் வீட்டிலேயே ஒருமுறை நன்றாகக் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவதையும் நாம் கண்டிருக்கிறோம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. மனித இயல்பு அது.

ஆண்டுக்கு ஒருநாள் குனிவது அத்துணைக் கடினமன்று. தலைவராய் இருப்பவர், தாம் இல்லாமலே காரியம் நடக்கும்படி பிறரை ஆக்கிவிட்டு ஒதுங்குவது மிகக் கடினம். அப்படிச் செய்த ஒருவரை நம் குடாநாடு கண்டது. நீர்வேலியிலிருந்து உரும்பிராயைக் கடந்து மேற்கே சென்றால் மானிப்பாய். அங்கேதான் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் தம் வாழ்நாளின் நல்ல பகுதியைக் கழித்தார்.

நல்லூரிலே ஆறுமுக நாவலர் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே கிறீன் அமெரிக்காவில் பிறந்தார். நியூயோர்க்கில் வைத்தியம் கற்று, அமெரிக்க மிஷனைச் சேர்ந்து, 1847இல் தமது 25ஆவது வயதில் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் அமர்ந்தார். வந்த சில காலத்துள்ளேயே ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. வாந்திபேதியும் அம்மையும் உலாவிய நாட்டில் தாம் ஒருவர் இரவு பகலாய் ஓடினாலும் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? ஊரவரையே வைத்தியராக்க வேண்டும் என்று துணிந்து வகுப்பை ஆரம்பித்தார்.

1857இல் உடல் தளர்ந்து அவர் தாய்நாடு சென்றார். அவர் இல்லாத காலத்தில் அவரிடம் பயின்ற தமிழ் வைத்தியர்களே வேலையைக் கொண்டு நடத்தினர். தாம் இல்லாவிடில் எல்லாம் பாழாகிவிடும் என்று எண்ணுவதில் தலைவர்களுக்கு ஓர் இரகசிய இன்பம் உண்டு. அந்த இன்பத்தைக் கிறீன் தமக்கு வைத்துக்கொள்ளவில்லை. 1862இல் திரும்பி வந்தவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். அதுவரை ஆங்கிலத்தில் நடந்த வைத்தியக் கல்வியைத் தமிழுக்கு மாற்றினார்.

எதிர்ப்பு வெளியிலிருந்து வரவில்லை, மாணாக்கரிடமிருந்தே வந்தது. ஆங்கிலம் கற்றால் அரசாங்க உத்தியோகம்; தமிழில் கற்றால் கிராமம். எந்தத் தாய் தகப்பன்தான் பின்னதை விரும்புவர்? அவர்களை நாம் பழிக்கப் போவதில்லை. நம் வீடுகளிலும் இன்று அதே பேச்சுத்தான். ஆயினும் கிறீன் தளரவில்லை. தமிழில் கற்றவன் தன் ஊரை விட்டு ஓடமாட்டான், ஊராரோடு ஒருவனாய் இருந்து அவர்களைக் காப்பான் என்பது அவர் எண்ணம். தம் மாணாக்கர் வேட்டியை விட்டுக் காற்சட்டையும் தொப்பியும் அணிவதைக் கூட அவர் விரும்பவில்லை. தம்மைப் போலப் பிறரை ஆக்க முயல்வதே ஆசிரியர்களின் வழக்கம். இவரோ தம் மாணாக்கர் தம்மைப் போல் ஆகிவிடுவார்களோ என்று அஞ்சினார்!

படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமே. அதற்கும் அவரே குனிந்தார். 1852இல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’, 1857இல் ‘பிரசவ வைத்தியம்’, 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’ என ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. மாணாக்கரும் மொழிபெயர்ப்பில் பங்கு கொண்டனர். ஒரு பொருளுக்குத் தமிழில் சொல் உண்டா என்று முதலில் தேடுவது, இல்லையேல் வடமொழியில் பார்ப்பது, அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் உருவில் எழுதுவது என்பது அவர் விதி. அவர் ஆக்கியனவும் ஆக்குவித்தனவும் 4,000 பக்கங்களுக்கு மேற்படும். அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60 பேருக்கு மேல். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தமிழிலேயே பயின்றவர்கள்.

இல்லத்தரசிகளாகிய வாசகிகள் ‘பிரசவ வைத்தியம்’ என்னும் பெயரைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். பிள்ளைப் பேறு முழுவதும் வீட்டின் உள்ளறையில் நிகழ்ந்த காலம் அது. தாய்க்கு ஆபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பதைத் தமிழே அறிந்த ஒருவரும் படித்தறியலாம் என்ற நிலை 1857இல் உண்டாயிற்று.

கிறீனைக் குறையற்றவராக்க நாம் முயலவில்லை. நம் நாட்டு வைத்திய முறைகளைப் பற்றி அவர் கொண்டிருந்த எண்ணம் உயர்ந்ததன்று. சமயம் பரப்பும் நோக்கத்தையும் அவர் மறைக்கவில்லை. அந்நோக்கத்தை எதிர்த்து நாவலரும், கிறிஸ்தவ மதத்தை மறுத்து நூல் எழுதிய நம் நீர்வேலிச் சங்கர பண்டிதரும் வாளாவிருக்கவில்லை. அவ்வாதங்கள் நடந்துகொண்டிருந்த காலத்திலேதான் கிறீன் தமிழ்ச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் கொண்ட எண்ணம் நிறைவேறியதா? 1873இல் அவர் போன பின்னர் தமிழில் மேல்நாட்டு வைத்தியம் கற்பிக்கும் முறை நிலைக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் தோன்றியது; அங்கும் போதனை ஆங்கிலத்திலேயே. மானிப்பாயில் அவர் பெயரால் வைத்தியசாலை இருக்கின்றது. அவருடைய தமிழ் நூல்களைத் திறப்பவர் சிலரே.

தாய்நாடு சேர்ந்த பின்னும் அவர் பேனாவை வைக்கவில்லை. மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிலிருந்து, தமிழ் ஒலியே கேளாத இடத்திலிருந்து, தமிழ் வைத்திய நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். அவருடைய தமையனார் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் நியூயோர்க் மாநகரைப் பெரிதாக்கி அமைத்தவர் என்று அந்நாட்டவரால் போற்றப்படுபவர். தம்பியாரோ, தமக்குக் கல்லறை வைப்பதானால் செலவில்லாத எளிய கல்லாக இருக்கட்டும் என்றும், இடமிருந்தால் தாம் தமிழருக்கு வைத்தியராயும் நற்செய்தியாளராயும் இருந்ததைக் குறித்துவிடலாம் என்றும் எழுதி வைத்தார். 1884இல் காலமானார். அவர் விரும்பியபடியே வூஸ்டர் மயானத்தில் கல் நாட்டப்பட்டது. சொந்த நாட்டில் அவர் செய்த காரியம் ஒன்றேனும் அதிலே இல்லை. தமிழர் என்னும் நம் பெயர் இருக்கின்றது.