வெற்றிடம் காக்கும் வெந்நீர்

கோடைக்காலத்து நண்பகலில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயைத் திறந்து பாருங்கள். முதலில் கொட்டும் தண்ணீர் கையைச் சுடும். அடுப்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. வெயில் தானாகவே சுடவைத்த நீர் அது. அதே குழாயை மறுநாள் விடியற்காலை திறந்தால் தண்ணீர் குளிர்ந்து கிடக்கும். ஆனால் நமக்கு வெந்நீர் தேவைப்படுவதோ அந்த விடியற்காலையில்தான்!

வெயிலைப் பிடிப்பது எளிது; பிடித்த வெப்பத்தைத் தப்பவிடாமல் காப்பதுதான் கடினம். இந்தக் கடினமான வேலையைச் செய்வதற்காகவே உருவானது வெற்றிடக் குழாய்ச் சூரிய வெந்நீர்க் கருவி. மாடிகளின் மேல் கருநீலக் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாகச் சாய்ந்திருக்க, அவற்றின் தலைப்பில் ஓர் உருளைத் தொட்டி படுத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம்.

வெயில் மிகுந்த ஊர்

கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடைப்பட்ட கரிசல் நாட்டிலுள்ள இளையரசனேந்தலை எடுத்துக்கொள்வோம். இவ்வூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 9 பாகைக்குச் சற்று மேலே அமைந்துள்ளது. ஆகவே ஆண்டுக்கு இருமுறை, சித்திரைப் பிறப்பையொட்டி ஒருமுறையும் ஆகஸ்டு இறுதியில் ஒருமுறையும், நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கிறது. டிசம்பரில் மட்டும் உச்சியிலிருந்து ஏறத்தாழ 33 பாகை தெற்கே சாய்கிறது.

தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. தென் தமிழ்நாட்டில் ஒரு நாள் முழுவதும் விழுவதைக் கூட்டினால் சராசரியாக 5 கிலோவாட் மணி, அதாவது 5 யூனிட் கிடைக்கும்.

நமக்கு எவ்வளவு தேவை? 100 லிட்டர் நீரை 28 பாகை செல்சியசிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 3.7 யூனிட் வெப்பம் வேண்டும். அந்த நீருடன் தண்ணீரை விளாவி 40 பாகைக்குக் கொண்டுவந்தால் 260 லிட்டருக்கு மேல் குளியல் நீர் கிடைக்கும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு இது தாராளம். இதையே மூன்று கல் அடுப்பில் காய்ச்சினால் நாள்தோறும் 6 முதல் 9 கிலோ விறகு வேண்டும். அடுப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி காற்றோடு போய்விடுவதே இதற்குக் காரணம். விழும் வெயிலில் பாதியை நீரில் சேர்த்துவிட்டால் ஒன்றரை சதுர மீட்டர் பரப்பே இவ்வளவு வேலையையும் செய்துவிடும்.

சூரிய மின்தகடு வைத்து, அந்த மின்சாரத்தால் நீரைக் காய்ச்சலாமே என்று நீங்கள் கேட்கலாம். செய்யலாம். ஆனால் மின்தகடு தன்மேல் விழும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே மின்சாரமாக மாற்றுகிறது. வெப்பத்தை வெப்பமாகவே பிடித்தால் பாதிக்கு மேல் கிடைக்கிறது.

மூன்று கதவுகள்

சூடான பொருளிலிருந்து வெப்பம் மூன்று கதவுகளின் வழியே வெளியேறுகிறது. தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குப் பரவுவது கடத்தல். காற்றோ நீரோ சூடாகி எழுந்து வெப்பத்தைத் தூக்கிச் செல்வது சலனம். எதன் துணையுமின்றி அலைகளாகப் பாய்ந்து செல்வது கதிர்வீச்சு.

முதல் இரண்டு கதவுகளையும் அடைக்கும் உபாயத்தை 1892ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் டிவார் என்ற ஸ்காட்லாந்து அறிவியலார் கண்டார். அவர் அமைத்தது இரட்டைச் சுவர்க் குடுவை. இரு சுவர்களுக்கும் இடையேயிருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார். கடத்துவதற்கும் பொருளில்லை, சலனத்திற்கும் காற்றில்லை. நாம் காப்பி எடுத்துச் செல்லும் பிளாஸ்க் இதுதான்.

வெற்றிடக் குழாயும் ஒரு நீண்ட பிளாஸ்கே. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போரோசிலிக்கேட் கண்ணாடிக் குழாய்கள். வெளிக்குழாயின் விட்டம் பெரும்பாலும் 58 மில்லிமீட்டர், நீளம் 1.8 மீட்டர். அடிமுனை மூடியிருக்கும், மேல்முனையில் இரண்டு கண்ணாடிகளையும் உருக்கி ஒட்டியிருப்பார்கள். இடைவெளியில் எஞ்சியிருக்கும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் கோடியில் ஒரு பங்கை விடவும் குறைவு.

வெப்பம் வெற்றிடத்தைக் கடக்காதென்றால் வெயில் மட்டும் எப்படி உள்ளே நுழைகிறது? ஒளி பரவுவதற்கு ஊடகம் தேவையில்லை. சூரியனிலிருந்து 15 கோடி கிலோமீட்டர் வெற்றிடத்தைக் கடந்து வந்த ஒளிக்கு இந்தச் சிறு இடைவெளி ஒரு தடையா?

மூன்றாம் கதவுக்கு ஒரு காவலன்

ஆனால் ஒளி வரும் வழியே வெப்பமும் கதிராக வெளியேறலாம் அல்லவா? சாதாரணக் கருப்பு வண்ணம் பூசிய பரப்பு 60 பாகையில் இருக்கும்போது, சுற்றுப்புறம் 28 பாகையாக இருந்தால், சதுர மீட்டருக்கு 200 வாட்டுக்கு மேல் கதிர்வீச்சாலேயே இழந்துவிடும்.

இங்கே இயற்கை நமக்கு ஒரு வசதி செய்து தந்திருக்கிறது. சூரியனிலிருந்து வரும் கதிர்களின் அலைநீளம் பெரும்பாலும் 2.5 மைக்ரானுக்குள் அடங்கும். 80 பாகை வெப்பமுள்ள பொருள் வீசும் அகச்சிவப்புக் கதிர்களோ 8 மைக்ரானையொட்டி உச்சம் பெறுகின்றன. வருகிற கதிரும் போகிற கதிரும் வேறுவேறு இனம். ஆகவே சூரிய ஒளிக்குக் கருப்பாகவும் அகச்சிவப்புக்குக் கண்ணாடிபோலப் பளபளப்பாகவும் நடந்துகொள்ளும் பூச்சு ஒன்றைச் செய்துவிட்டால் போதும். உட்குழாயின் வெளிப்புறத்தில் பூசப்படுவது அதுதான். 1980களில் பீஜிங்கிலுள்ள சிங்குவா பல்கலைக்கழகத்தில் உருவான அலுமினியம்–நைட்ரஜன் பூச்சு இதில் புகழ்பெற்றது. இத்தகைய பூச்சு விழும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உறிஞ்சி, கதிர்வீச்சு இழப்பை 200 வாட்டிலிருந்து 20 வாட்டுக்கும் கீழே இறக்கிவிடுகிறது.

குழாயின் அடிமுனையில் வெள்ளிபோல் மின்னும் பகுதி ஒன்றைக் காணலாம். அது பேரியம் உலோகப் படலம். நாளடைவில் வெற்றிடத்தில் கசியும் வாயுக்களை அது விழுங்கிவிடும். வெற்றிடம் உடைந்து காற்று புகுந்தால் அந்த வெள்ளி நிறம் மங்கி வெண்மையாகிவிடும். குழாய் நல்லதா கெட்டதா என்று அறிய வேறு கருவி வேண்டாம். இந்த நிறமே போதும்.

பம்பு இல்லாமல் ஏறும் நீர்

குழாயில் சூடான நீர் தொட்டிக்கு எப்படிப் போகிறது? ஒரு லிட்டர் நீர் 28 பாகையில் இருப்பதைவிட 60 பாகையில் 13 கிராம் எடை குறைவு. இந்தச் சிறு வேறுபாடு போதும். சூடான நீர் குழாயின் மேற்சுவரை ஒட்டி ஏறித் தொட்டியில் புகுகிறது. குளிர்ந்த நீர் கீழ்ச்சுவரை ஒட்டி இறங்குகிறது. வெயில் இருக்கும்வரை இந்தச் சுழற்சி நிற்பதில்லை. தொட்டியைச் சுற்றியுள்ள பாலியூரித்தேன் நுரை இரவில் வெப்பத்தைக் காக்கிறது.

வெந்நீரை நாம் மிகுதியாக விரும்புவது மார்கழியிலும் தையிலும்தான். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், இளையரசனேந்தல் போன்ற ஊர்களில் குழாய்களைத் தெற்கு நோக்கி 20 முதல் 25 பாகை சாய்த்து வைப்பது நல்லது. குழாய்கள் உருளையாக இருப்பதால் காலை வெயிலுக்கும் மாலை வெயிலுக்கும் ஒரே அகலத்தையே காட்டுகின்றன.

மருத்துவமனை, விடுதி போன்ற பெரிய கட்டடங்களில் நீர் அழுத்தத்துடன் ஓடும். நீர் நிரம்பிய கண்ணாடிக் குழாயைத் தொட்டியுடன் ரப்பர் வளையத்தால் மட்டுமே இணைப்பதால் அந்த அழுத்தத்தை அது தாங்காது. எனவே ஒவ்வொரு கண்ணாடிக்குள்ளும் மூடிய செம்புக் குழல் ஒன்றைச் செருகுகிறார்கள். குழலில் உள்ள சிறிதளவு திரவம் ஆவியாகி மேல்முனைக்குச் சென்று, அங்கே வெப்பத்தை நீருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் திரவமாகி இறங்குகிறது. ஒரு குழாய் உடைந்தாலும் நீர் வெளியேறாது. 2010இல் தொடங்கிய தேசிய சூரிய ஆற்றல் இயக்கம், மின்சாரத்துடன் 2 கோடி சதுர மீட்டர் வெப்பப் பரப்பையும் 2022க்கான இலக்காக வைத்தது இத்தகைய பயன்களைக் கருதித்தான்.

கரிசல் நீரின் சோதனை

கரிசல் வட்டாரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. நல்ல நீருக்குத்தான் பஞ்சம். பல இடங்களில் நிலத்தடி நீர் கடின நீராக இருக்கிறது. அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூடேறியதும் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. வெந்நீர்ப் பானையின் உட்புறத்தில் ஏறும் வெள்ளைப் பொருக்கு அதுவே.

ஒரு கணக்குப் போடுவோம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரில், நாளொன்றுக்கு 100 லிட்டர் வீதம், ஆண்டுக்கு 11 கிலோ உப்பு கருவியின் வழியே செல்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு படிந்தாலும் ஒரு கிலோவைத் தாண்டும்! தட்டை வடிவக் கருவிகளின் குறுகிய செம்புக் குழாய்களை இது விரைவில் அடைத்துவிடும். அகன்ற கண்ணாடிக் குழாய் அவ்வளவு எளிதில் அடைபடாது என்றாலும், படிவு தடிக்கத் தடிக்க நீருக்கு வெப்பம் செல்வது குறையும்.

நீர் மிகுதியாகச் சூடேறினால் படிவும் மிகும். ஆகவே தேவைக்கு மேல் குழாய்கள் வைப்பது ஆதாயமல்ல. கோடையில் சில குழாய்களைச் சாக்கால் மூடிவைக்கலாம். சேமித்த மழைநீரைக் கருவிக்கு விடுவது மிகச் சிறந்தது. குழாய்களை அவ்வப்போது கழற்றி, நீர்த்த சிட்ரிக் அமிலத்தால் கழுவினால் படிவு கரைந்துவிடும்.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. காலியான குழாய் வெயிலில் 200 பாகையையும் தாண்டும். அதில் நண்பகலில் தண்ணீர் விட்டால் கண்ணாடி வெடித்துவிடும். விடியுமுன் நிரப்ப வேண்டும். தொட்டியின் மேலுள்ள காற்றுப்போக்கியை ஒருபோதும் அடைக்கக் கூடாது. 60 பாகை நீர் சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும். குழந்தைகள் குளிக்கும் வாளியில் முதலில் தண்ணீரையும் பிறகு வெந்நீரையும் விடுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்களுக்குக் கருப்பு வண்ணம் பூசி நீர் நிரப்புங்கள். ஒன்றைத் திறந்த வெயிலிலும், மற்றதை மூடியுள்ள பெரிய கண்ணாடிச் சாடிக்குள்ளும் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து வெப்பமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டையும் நிழலுக்கு மாற்றி, கால் மணிக்கு ஒருமுறை அளந்து வரைபடம் வரையுங்கள். இரண்டு கோடுகளில் எது மெதுவாக இறங்குகிறது என்று பாருங்கள். சாடிக்குள் இருப்பது வெறும் அசையாத காற்றுதான். அந்தக் காற்றையும் எடுத்துவிட்டால் கோடு இன்னும் எவ்வளவு மெதுவாக இறங்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.