காணாமல் போன நரம்பு!

கடலூர் முதுநகரில் இருக்கும் எங்கள் வீட்டில் துணி துவைப்பதெல்லாம் என் கைதான். போர்வை, ஜமுக்காளம் என்று முறுக்கிப் பிழிந்து பிழிந்து, இரண்டு மாதமாக வலது முழங்கையின் உள்பக்கம் ஒரே வலி. தைலம் தேய்த்தே காலத்தை ஓட்டினேன்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளியிலிருந்து வந்த என் மகள், "அம்மா, கட்டை விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து வச்சு மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கு. நடுவிலே ஒரு நரம்பு புடைக்கும் பாரேன்" என்றாள். அவளுக்குப் புடைத்தது, இவருக்கும் புடைத்தது. என் இடது கையில்கூடத் தெரிந்தது. வலிக்கிற வலது கையில் மட்டும் காணோம்!

வேலை செய்தே அறுந்துவிட்டதோ? இந்தக் கை போனால் வீடு என்னாவது? இரவெல்லாம் தூக்கமில்லை. மறுநாளே பஸ் ஏறி, சிதம்பரத்தில் இருக்கும் அக்காவையும் அழைத்துக்கொண்டு அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கிருந்த டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அது நரம்பே இல்லைம்மா, தசைநாண். சிலருக்குப் பிறவியிலேயே அந்தத் தசை இருக்காது. ஒரு கையில் இருந்து மறு கையில் இல்லாமலும் இருக்கும்" என்றார்.

மணிக்கட்டை மடக்கும் தசைகள் மூன்று. மூன்றும் முழங்கையின் உள்பக்க எலும்பு மேட்டில் சேர்ந்து புறப்படுகின்றன. ஒன்று கட்டை விரல் பக்கம், ஒன்று சுண்டு விரல் பக்கம். நடுவில் மெலிதாக ஓடுவதுதான் எனக்கு இல்லாதது. மற்ற இரண்டும் பலசாலிகள். அதனால் அது இல்லாவிட்டாலும் பிடி தளராது. வேறிடத்தில் அறுந்த தசைநாணைச் சரிசெய்ய, இந்த நடுநாணையே எடுத்து ஒட்டுப் போடுவார்களாம்! தசைநாண்களை இடம் மாற்றித் தைத்துத்தான், வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்டு 1940-களின் கடைசியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை இயங்க வைத்தார்.

அப்படியானால் என் வலி? தசைகள் புறப்படும் அந்த எலும்பு மேட்டில்தான். முறுக்கிப் பிழியும்போது பாரமெல்லாம் அங்கே விழுகிறது. "தைலம் போதாது. கைக்கு ஓய்வு கொடுங்க" என்றார் டாக்டர்.

இப்போது போர்வையைப் பிழிவதில்லை. சொட்டச் சொட்டக் கொடியில் போட்டுவிடுகிறேன். பெரிய துணி என்றால் இவர் மறுமுனையைப் பிடிக்கிறார். வலி மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது.

சகோதரிகளே, நாண் காணோம் என்று பயப்படாதீர்கள். ஆனால் விரல் மரத்துப் போனாலோ, வளையல் உடைந்து மணிக்கட்டில் கிழித்து விரல் மடங்க மறுத்தாலோ, மஞ்சள் பொடியோடு நிறுத்தாமல் உடனே டாக்டரிடம் போங்கள்.