உப்பும் உழவுச் சொற்களும்: மரக்காணம் உப்பளங்களை முன்வைத்து

முன்னுரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, தென்னிந்திய மரபு வீடுகளைப் பெயர்த்தெடுத்து மீள நிறுவியுள்ள அருங்காட்சியகமாகும். தஞ்சை வேளாளர் வீடும் அங்குண்டு. அச்சாலையிலேயே தெற்கே அமைந்த மரக்காணத்தில் உப்புத் தொழில் இன்றும் தொடர்கிறது. நெல் விளைத்தோரின் வீட்டைக் காட்சியகத்தில் காக்க இயல்கிறது. உப்பு விளைப்போரின் தொழிலை எதைக்கொண்டு காப்பது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

உழவாகக் கண்ட மரபு

உப்பு ‘விளைகிறது’ என்பதே தமிழ் வழக்கு. பாத்தி, வரப்பு, அளம், வாருதல், அம்பாரம் ஆகிய சொற்களுள் பல நெல் வயலுக்கும் உரியவை. நற்றிணையின் 331ஆம் பாடல் உப்பு விளைப்போரை நிலத்தை உழாத உழவராகவே காண்கிறது. உவமையாகத் தோன்றும் இது தொழில்முறையோடும் பொருந்துவதாகும். உவர்நீரைப் பாத்திதோறும் மாற்றி வெயிலில் செறிவாக்குவர். உப்புக்கு முன்னரே ஜிப்சம் படியும். ஏறத்தாழ 25 போமே அளவில் உப்பு படிகமாகும். எஞ்சும் கசப்புநீரை உரிய காலத்தில் வடிக்காவிடில் உப்பின் தரம் கெடும். நீர், வெயில், பருவம் ஆகியவற்றை அறிந்து செய்வதால் இது உழவோடு ஒக்கும்.

ஆலையாகக் கண்ட ஆட்சி

1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமையாக்கியது. 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் உப்பளத்தை ‘உப்பு ஆலை’ எனக் குறித்தது. விளைச்சல் ‘உற்பத்தி’யாயிற்று, விளைப்பவர் உரிமம் பெற வேண்டியவரானார். பெத்தகஞ்சம் முதல் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கி.மீ. நீளும் பக்கிங்காம் கால்வாய் உப்பைச் சுமந்து செல்லும் வழியுமாயிற்று. 1930இன் வேதாரணியம் அறப்போர் இவ்வுரிமைப் பறிப்பையே எதிர்த்தது. உப்பு வரி 1947இல் நீங்கியது. எனினும் ‘உற்பத்தி’ என்னும் சொல் அலுவல் வழக்கில் நிலைத்துவிட்டது.

முடிவுரை

வீட்டைப் பெயர்த்து வேறிடத்தில் நிறுவலாம். கருவியைப் பேழையில் வைக்கலாம். தொழிற்சொல் தொழில் செய்வோர் நாவிலன்றி வாழாது. எனவே மரக்காணத்தில் உப்பள வழக்குச் சொற்களைப் பருவந்தோறும் களத்திலேயே ஒலிப்பதிவு செய்து, செயல் விளக்கத்துடன் சொல்லடைவாகத் தொகுத்தல் வேண்டும். அச்சொல்லடைவின்றி அமையும் எந்த உப்புக் காட்சியகமும் ஆலையின் வரலாற்றைக் கூறுமேயன்றி, உழாத உழவரின் வரலாற்றைக் கூறாது.